யாரும் படிக்காத மதிப்பு

தாமரைக்குக் கொடுக்கப்பட்ட வேலையை அந்த அலுவலகத்தில் வேறு யாரும் விரும்பவில்லை.

மலேசியாவின் ஷா ஆலம் தொழிற்பேட்டையில், டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது கம்பெனி. கிளினிக்குகளும் சின்ன ஆபீஸ்களும் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டிகளைச் செய்து விற்றார்கள். காலணிப் பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே ஹார்ட் டிஸ்க், முகப்பில் ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. அந்த டிஸ்கோடு பேசுவதற்கென்று ஒரு நிரல் உண்டு. அதை டிரைவர் என்பார்கள். பல வருடங்களாகப் பல பேர் கைவைத்த நிரல். எழுதியவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள்.

"அக்கா, கொஞ்சம் போர் அடிக்கிற வேலைதான்," என்றான் குரு. மென்பொருள் பிரிவுக்கு அவன்தான் தலைவன். தாமரையைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவன். "கம்பைல் பண்ணும்போது நெறைய வார்னிங் வருது. தேவையில்லாத லைன் எல்லாம் எடுத்துடுங்க. கோட் பழகறதுக்கும் இது நல்ல வழி."

தாமரை சரி என்றாள். எந்த வேலை கொடுத்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். இரண்டாவது மகனுக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. அவனுக்காக வேலையை விட்டவள், அவன் பள்ளியில் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கும் அளவுக்குத் தேறிய பிறகு திரும்பவும் வேலை தேட ஆரம்பித்தாள். போன இடமெல்லாம் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். இந்தக் கம்பெனி மட்டும் அதைக் கேட்காமல் ஆறு மாத ஒப்பந்தம் கொடுத்தது. அதற்குப் பிறகு நீட்டிப்பதா வேண்டாமா என்பதை குரு சொல்வான்.

வேலை எளிமையானதுதான். நிரலில் ஒரு வேரியபிளுக்கு, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் ஒரு பெயருக்கு, ஒரு மதிப்பைக் கொடுத்திருப்பார்கள். அதை யாரும் எடுத்துப் படிப்பதற்குள் அடுத்த வரியிலேயே வேறொரு மதிப்பைக் கொடுத்திருப்பார்கள். முதலில் கொடுத்தது வீண். 'இங்கே வைத்த மதிப்பு எங்கேயும் படிக்கப்படவில்லை' என்று, நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் முணுமுணுக்கும். அந்த வரியை எடுத்துவிட்டால் முணுமுணுப்பு நிற்கும். நிரல் முன்பு செய்ததையேதான் இப்போதும் செய்யும்.

மற்றவர்களாக இருந்தால் வரியை மட்டும் பார்த்து அழித்துக்கொண்டே போயிருப்பார்கள். தாமரைக்குத் தன் கைமேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு இடத்திலும் மேலிருந்து கீழ்வரை முழுவதையும் படித்தாள். இந்த மதிப்பை யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள், எப்போது தேவையில்லாமல் போனது என்று பார்த்த பிறகுதான் அழித்தாள். முதல் வாரம் மெதுவாகப் போனது. பிறகு வேகம் வந்தது. காலையில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே அன்றைக்குப் பார்க்கவேண்டிய பகுதி மனதில் ஓட ஆரம்பித்தது. கொமியூட்டர் ரயிலில் சன்னல் ஓரம் உட்கார்ந்து, தொலைந்து போனதென்று தான் நினைத்த ஏதோ ஒன்று திரும்பி வருவதை உணர்ந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவள் அந்த இரண்டு வரிகளுக்கு வந்து சேர்ந்தாள்.

பெட்டியை அணைக்கும்போது ஓடும் பகுதி அது. டிஸ்க் தனக்கு வருவதையெல்லாம் உடனே தட்டில் எழுதிவிடாது. கொஞ்சத்தைத் தற்காலிக நினைவில் வைத்திருக்கும். அதனால் மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன், 'கையில் இருப்பதையெல்லாம் எழுதி முடி' என்று அதற்குக் கட்டளை போகும். முதல் வரி அந்தக் கட்டளையைக் கொடுத்து, டிஸ்க் சொன்ன பதிலை 'ரிசல்ட்' என்ற வேரியபிளில் வைத்தது. அடுத்த வரி அதே ரிசல்ட்டில் பூஜ்யத்தை வைத்தது. பூஜ்யம் என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

கம்பைலர் இதற்கும் வழக்கமான எச்சரிக்கையைத்தான் கொடுத்தது. முதலில் வைத்த மதிப்பு படிக்கப்படவில்லை, எடுத்துவிடலாம். கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டு, பதிலை வாங்கி வைக்கும் பாதியை அழித்தால் போதும். அரை நொடி வேலை.

தாமரை விரலை விசையில் வைத்துவிட்டு எடுத்தாள். டிஸ்க் முடியவில்லை என்று பதில் சொல்லியிருந்தால்? அந்தப் பதிலை யாருமே பார்க்கவில்லையே. மேலே இருக்கும் நிரல் பூஜ்யத்தைத்தான் பார்க்கும். பச்சை விளக்கு எரியும். இப்போது பாதி வரியையும் அழித்துவிட்டால், ஒரு காலத்தில் யாரோ அந்தப் பதிலைக் கேட்க நினைத்தார்கள் என்பதற்கான அடையாளமும் போய்விடும்.

எழுந்து போய் குருவிடம் காட்டினாள்.

"அந்த லைன் ரொம்ப நாளா இருக்கே அக்கா. யாரும் கம்ப்ளெயின் பண்ணலயே."

"எப்படிப் பண்ணுவாங்க குரு? டிஸ்க் முடியலன்னு சொன்னாலும் பச்சை லைட்தானே எரியும்."

"டிஸ்க் அப்படி எரர் கொடுக்கறது ரொம்ப ரேர் லா." அவன் கண் பாதி தன் திரையில் இருந்தது. "வெள்ளிக்கிழமை புது வெர்ஷன் ரிலீஸ் இருக்கு. உங்க வேலை வார்னிங் எடுக்கறது. எடுத்துட்டு அடுத்ததுக்குப் போங்க. ப்ளீஸ்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே மறுத்துப் பேசுவது கடினமாக இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவன் சுகுமாறனிடம் சொன்னாள். ரயில் பராமரிப்புப் பணிமனையில் மேற்பார்வையாளர் அவர். நிரலைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் விளக்கைப் பற்றித் தெரியும்.

"கான்ட்ராக்ட் நீட்டறது அந்தப் பையன் கையிலதானே?"

"ஆமா."

"அவன் சொன்னதுக்கு மேல போகப் போறியா?"

"சண்டை போடப் போறதில்ல. ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துட்டா போதும். நான் நெனச்சது தப்புன்னா அழிச்சுட்டு வாயை மூடிக்கிறேன்."

"சிக்னல்ல சந்தேகம் வந்தா நாங்க ட்ரெயினை விடமாட்டோம்," என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். பிறகு ரசம் கேட்டார்.

சோதிக்க வேண்டுமென்றால் ஒரு கெட்டுப்போன டிஸ்க் வேண்டும். எழுதும்போது பிழை காட்டுகிற டிஸ்க். மறுநாள் காலை தாமரை கீழே ஸ்டோருக்குப் போனாள்.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் இக்னேஷியஸ். ஐம்பதைத் தாண்டியவர், கிள்ளானிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். தாமரை அவரிடம் காலை வணக்கம் தவிர வேறெதுவும் பேசியதில்லை. அவரும் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

"அண்ணே, கஸ்டமர் திருப்பி அனுப்பின டிஸ்க் ஏதாச்சும் இருக்கா? எழுதும்போது எரர் வரணும்."

"எரர் வராத டிஸ்க்தான் எல்லாரும் கேப்பாங்க," என்றார் அவர். "எதுக்கும்மா?"

சொன்னாள். அணைக்கும்போது டிஸ்க் முடியாது என்று சொன்னாலும் பெட்டி எல்லாம் சரி என்று காட்டும் என்று தனக்குச் சந்தேகம் என்றாள். இக்னேஷியஸ் கையிலிருந்த அட்டைப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னாள். அவர் உள்ளே போய், கடைசி அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு டிஸ்கைக் கொண்டுவந்தார். அதன்மேல் கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் இருக்கும் ஒரு பல் கிளினிக்கின் பெயர் ஒட்டியிருந்தது.

"இதை வெச்சுப் பாரு," என்றார். "நான் கூட நிக்கலாமா?"

ஸ்டோர் மேசையிலேயே ஒரு பெட்டியை வைத்து, அந்த டிஸ்கைப் பொருத்தி, மடிக்கணினியை இணைத்தாள் தாமரை. கொஞ்சம் படங்களை அதில் போட்டாள். பிறகு முறைப்படி அணைக்கும் பொத்தானை அழுத்தினாள். டிஸ்க் இரண்டு முறை முனகியது. பச்சை விளக்கு நிதானமாக எரிந்து அணைந்தது. எல்லாம் எழுதியாகிவிட்டது, எடுக்கலாம் என்று அர்த்தம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டாள். பெட்டி எழுந்தது. படங்கள் இருந்த கோப்புறை காலியாக இருந்தது.

இன்னொரு முறை செய்தாள். இன்னொரு முறையும் அதேதான்.

இக்னேஷியஸ் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் அப்போ சர்வீஸ்ல இருந்தேன்," என்றார். "வேன் எடுத்துக்கிட்டு கிள்ளான், மேரு, காப்பார், எல்லா எடமும் போவேன். மேரு கிளினிக்ல ஃபேன் சத்தம் போடுதுன்னு கூப்பிட்டாங்க. போனேன். பட்டனை அமுக்கினேன். பச்சை லைட் எரிஞ்சு அணைஞ்சுச்சு. அப்புறம்தான் டிஸ்கை வெளிய எடுத்தேன். ஃபேன் மாத்தி, திரும்பப் போட்டேன். அன்னைக்குக் காலையில எடுத்த எக்ஸ்ரே ஒண்ணுகூட இல்ல."

"என்ன சொன்னாங்க?"

"டிஸ்கைக் கீழ போட்டுட்டேன்னு சொன்னாங்க. நான் போடலம்மா. போட்டிருந்தா போட்டேன்னு சொல்லியிருப்பேன். பெட்டியில எரர் ஒண்ணும் இல்லன்னு மேல ரிப்போர்ட் எழுதினாங்க. பெட்டியில தப்பில்லன்னா கையிலதானே தப்பு? ஸ்டோர்ல உக்காருன்னுட்டாங்க." அவர் அணைந்திருந்த விளக்கைப் பார்த்தார். "கொஞ்ச நாள் கழிச்சு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை நான்தான் தட்டிட்டேனோன்னு. வீட்டுல சம்சாரம் டொரத்திகிட்டகூட அப்படித்தான் சொன்னேன்."

தாமரைக்கு அந்த அறிக்கையை எழுதியது யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மென்பொருள் பிரிவில் அறிக்கை எழுதுகிற ஒரே ஆள் குரு.

மாடிக்குப் போய் அவனைக் கூப்பிட்டாள். "அஞ்சு நிமிஷம் கீழ வாங்க. நான் ஒண்ணும் பேசல. நீங்களே பாருங்க." வெள்ளிக்கிழமை, ரிலீஸ் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான்.

இந்த முறை பொத்தானை அவனையே அழுத்தச் சொன்னாள். பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி பெட்டியை எழுப்பி, காலிக் கோப்புறையைப் பார்த்தான். குனிந்து டிஸ்கின்மேல் ஒட்டியிருந்த கிளினிக்கின் பெயரைப் படித்தான். நிமிர்ந்தபோது இக்னேஷியஸைப் பார்க்காமல் நேராக வெளியே போய்விட்டான்.

"போயிட்டாரு," என்றார் இக்னேஷியஸ். குரலில் ஆச்சரியம் இல்லை.

தாமரை எட்டிப் பார்த்தாள். குரு டயர் கடைக்கு முன்னால், கார்களுக்கு நடுவே, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தான். கடைக்காரப் பையன்கள் காற்றடிக்கும் சத்தம் வந்து வந்து நின்றது. அவள் கூப்பிடவில்லை. தன் ஒப்பந்தம் இங்கேயே முடிந்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்தாள். அழித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். மேல் தட்டில் அந்த டிஸ்க் அப்படியே இருந்திருக்கும். வருத்தம் வரவில்லை.

குரு திரும்பி வந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று நேராகவே பேசினான்.

"அண்ணே, அந்த ரிப்போர்ட் நான் எழுதினது. பெட்டி தானா எழுதி வெக்கிற லாக்ல எரர் இல்ல, அதை வெச்சு பெட்டியில தப்பில்லன்னு எழுதினேன். லாக்கே பொய் சொல்லும்னு நான் யோசிக்கல. நீங்க கீழ போடலன்னு சொன்னீங்க. அதை நான் கேட்டிருக்கணும். சாரிண்ணே."

இக்னேஷியஸ் முக்காலியிலிருந்து எழுந்தார்.

"என்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது தம்பி. அந்த டாக்டர்கிட்ட சொல்லணும். அவங்க பேஷன்ட் எல்லாரையும் திரும்ப வரச்சொல்லி எக்ஸ்ரே எடுத்தாங்க. சின்னப் பிள்ளைங்ககூட இருந்துச்சு. என்னைப் பார்த்து, 'இருபது வருஷமா இந்த வேலை செய்யறீங்க, கொஞ்சம் கவனமா இருக்கக் கூடாதா'ன்னு கேட்டாங்க. அதுதான் இன்னும் காதுல இருக்கு."

"போவோம்," என்றான் குரு. "நானே வரேன். மொதல்ல இதைச் சரி பண்ணிட்டுப் போவோம்."

முதலாளி லிம்மிடம் அன்றைக்கே பேசினான். கதவு சாத்தியிருந்தாலும் இரண்டு முறை குரல் உயர்ந்தது வெளியே கேட்டது. வெளியே வந்தவன், "ரிலீஸ் இந்த வாரம் இல்ல," என்று மட்டும் எல்லாருக்கும் சொன்னான். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு தாமரை மேசைக்கு வந்தான்.

அந்தப் பூஜ்யத்தைத் தூக்கிவிட்டால் போதும் என்றுதான் இருவரும் முதலில் நினைத்தார்கள். தூக்கிப் பார்த்தபோது, பழைய வகை டிஸ்க் ஒன்று நன்றாக எழுதி முடித்த பிறகும் முடியவில்லை என்று பதில் சொன்னது. சோதனை மேசையில் வீணாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்போதுதான் காரணம் புரிந்தது. அந்த வகை டிஸ்குகளின் பொய்ப் புகாரை அடக்குவதற்காக, யாரோ அவசரத்தில் எல்லா டிஸ்குகளின் வாயையும் அடைத்திருக்கிறார்கள். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருக்க வேண்டும். திருத்துவதற்குள் வேலை மாறிப் போயிருக்கிறார்.

"கெட்டவன்னு சொல்ல முடியாது," என்றாள் தாமரை. "அவசரம்."

"எனக்கும் அதே அவசரம்தானே," என்றான் குரு.

பழைய வகையிடம் மட்டும் இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்வது, மற்ற எதுவும் முடியாது என்று சொன்னால் அதை அப்படியே மேலே அனுப்புவது என்று தாமரை எழுதினாள். இக்னேஷியஸ் ஸ்டோரைக் குடைந்து பழைய வகையில் நல்லதும் கெட்டதுமாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகப் பொருத்திக் கொடுத்தார். மேரு டிஸ்கைப் பொருத்தி அணைத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில், எழுத முடியவில்லை, டிஸ்கை எடுக்காதீர்கள் என்று வந்தது. இக்னேஷியஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். ஸ்டோரில் தூசி அதிகம் என்றார்.

அடுத்த வாரம் மூவரும் மேருவுக்குப் போனார்கள், குரு தன் காரில், மற்ற இருவரும் கம்பெனி வேனில். டாக்டர் சீதாலெட்சுமி மதிய இடைவேளையில்தான் நேரம் கொடுத்திருந்தார். குட்டையாக, கண்டிப்பான முகத்தோடு இருந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இன்னொரு பெட்டி விக்க வந்தீங்கன்னா வேண்டாம்," என்றார்.

குரு நின்றபடியே விஷயத்தைச் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. எங்கள் நிரலில் தப்பு இருந்தது, டிஸ்க் உண்மையைச் சொன்னது, அதை நாங்கள் படிக்கவில்லை, இவர்மேல் பழி போட்டோம் என்றான். டாக்டருக்குக் கோபம் வந்தது. எத்தனை நோயாளிகளிடம் மன்னிப்புக் கேட்டேன் தெரியுமா, ஒரு அம்மா கிளினிக்கையே மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்று கொட்டித் தீர்த்தார். குரு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். போன எக்ஸ்ரேக்கள் போனவைதான்.

கொட்டி முடித்ததும் டாக்டர் இக்னேஷியஸ் பக்கம் திரும்பினார். அவர் கதவோரம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நீங்க அன்னைக்குச் சொன்னீங்க. பச்சை லைட் பார்த்துட்டுத்தான் எடுத்தேன்னு."

"ஆமா டாக்டர்."

"நான் நம்பல." அவர் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. ஏன் நிக்கறீங்க? டீ குடிப்பீங்களா?"

இக்னேஷியஸ் உட்கார்ந்தார். டீ வந்தது. அதற்குள் தாமரை மேசையில் பெட்டியை வைத்து, கெட்ட டிஸ்கைப் பொருத்தி, சிவப்பு விளக்கை எரியவைத்துக் காட்டினாள். பிறகு நல்ல டிஸ்கோடு பச்சை. டாக்டர் பொத்தானைத் தானே இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"இதைக் கண்டுபிடிச்சது யாரு?"

"இவங்கதான்," என்றான் குரு. "வேண்டாத லைன் எல்லாம் எடுங்கன்னு சொன்னேன். இதையும் எடுங்கன்னு சொன்னேன். எடுக்கமாட்டேன்னுட்டாங்க."

"அப்படிச் சொல்லல," என்றாள் தாமரை. "சோதிச்சுட்டு எடுக்கறேன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். பெட்டியை ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறேன், வாங்குவேன் என்று சொல்லவில்லை என்றார். பிறகு கேட்டார். "ஏதாவது ஆச்சுன்னா யாரு வருவா?"

குரு இக்னேஷியஸைப் பார்த்தான். அவரை மறுபடி சர்வீஸுக்கு அனுப்ப லிம் ஒத்துக்கொண்டிருந்தார். ஆனால் இக்னேஷியஸ் இதுவரை வாய் திறந்து சம்மதம் சொல்லவில்லை. ஸ்டோரே போதும், இனி வெளியே வேண்டாம் என்று வரும் வழியில்கூட முனகியிருந்தார்.

"நான்தான் வருவேன், டாக்டர்," என்றார் இக்னேஷியஸ்.

கிளினிக் மாடியிலிருந்து கீழே வந்தபோது வெயில் சுட்டது. குருவுக்கு லிம்மிடமிருந்து அழைப்பு வந்தது. எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தகவல் அனுப்ப வேண்டும், பெட்டிகளை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே தன் காரை நோக்கி நடந்தான். பாதியில் நின்று, தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு தாமரையிடம் சொன்னான். "அக்கா, மிச்சம் இருக்கற வார்னிங் எல்லாம் நீங்களே பாருங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல. ஆறு மாசத்துல முடியாது. நான் லிம்கிட்ட சொல்லிட்டேன்."

அவள் பதில் சொல்வதற்குள் அவன் மறுபடி தொலைபேசிக்குத் திரும்பிவிட்டான். தாமரை அங்கேயே நின்றாள். சுகுமாறனுக்கு உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. என்னவென்று ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

இக்னேஷியஸ் வேனின் பின்கதவைச் சாத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். வரும்போது சரிசெய்த கண்ணாடியையே திரும்பவும் சரிசெய்தார், இருக்கையை முன்னால் நகர்த்தினார், மறுபடி பின்னால் நகர்த்தினார். எஞ்சின் முதல் முறையிலேயே எடுத்தது.

"டெங்கில் ஊர்ல ஒரு கிளினிக் இருக்கு," என்று சன்னல் வழியாகச் சொன்னார். "அங்கயும் இதே பெட்டிதான். இன்னைக்கே பார்த்துட்டா நல்லது. உன்னை ஸ்டேஷன்ல விடவா, இல்ல கூட வரியா?"

"வரேண்ணே," என்று தாமரை மறுபக்கக் கதவைத் திறந்தாள்.